கோணையாற்றை நிமிர்த்திய நூல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மனுசனும் மிருகமும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளில், மூவளைநாடு என்று ஒரு நாடு இருந்தது. மலையிலிருந்து கிளம்பிக் கடலுக்குப் போகிற கோணையாறு அந்த நாட்டுக்குள் நுழைந்ததும் மூன்று முறை வளையும். முதல் வளைவில் களிமண்ணைக் கொட்டும். அங்கே குயவர்கள் குடியிருந்தார்கள். மூன்றாம் வளைவில் மடு தோண்டி வைக்கும். அங்கே மீன்காரர்கள் குடியிருந்தார்கள். நடு வளைவில் இந்தக் கரையில் ராஜாவின் அரண்மனை, அந்தக் கரையில் குப்பாயியின் குடிசை. நம் கதை இந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் நடந்தது.

குப்பாயி பரிசல்காரி. மூங்கில் பிளாச்சில் பின்னி, தோல் போர்த்திய வட்டப் பரிசல் அவளுடையது. அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. நேராகப் போ என்றால் போகாது. சுற்றிச் சுற்றித்தான் கரை சேரும். கிளம்புவதற்கு முன்னால் பரிசலை நின்ற இடத்திலேயே மூன்று சுற்று சுற்றுவது பரிசல்காரர்களின் வழக்கம். குப்பாயியும் ராகம் போட்டுக்கொண்டு சுற்றுவாள்:

"ஒரு சுத்து ஆத்துக்கு! ஒரு சுத்து காத்துக்கு! ஒரு சுத்து வூட்டுக்குத் திரும்பி வாரதுக்கு!"

ஏறியவர் கல்யாண மாப்பிள்ளையாக இருந்து, அக்கரையில் முகூர்த்தம் தவறிக்கொண்டிருந்தாலும் சரி, மூன்று சுற்று சுற்றாமல் அவள் துடுப்பு போடவே மாட்டாள்.

மகுடவர்ம மகாராஜாவும் ஒருமுறை அந்தப் பரிசலில் ஏறினார். முதல் சுற்றில் கிரீடம் கோணியது. இரண்டாம் சுற்றில் கண் சொருகியது. மூன்றாம் சுற்றில், காலையில் சாப்பிட்ட பதினெட்டுப் பணியாரமும் மந்திரியின் மடிக்குத் திரும்பி வந்தன. அன்றிலிருந்து ராஜாவுக்குச் சுற்றுவது, வளைவது, நெளிவது எதுவுமே ஆகாது. அரண்மனையில் முறுக்கு சுடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

இது போதாதென்று ஆறு இன்னொரு வேலையும் செய்தது. வளைவின் வெளிக்கரையில் தண்ணீர் வேகமாக வந்து முட்டும், மண்ணைக் கரைக்கும். உள்கரையில் களைத்துப்போய் மெதுவாக நடக்கும், தூக்கி வந்த மண்ணை அங்கே இறக்கி வைத்துவிட்டுப் போகும். அரண்மனை இருந்தது வெளிக்கரையில். குப்பாயி இருந்தது உள்கரையில். வருசா வருசம் வெள்ளம் வடிந்ததும் ராஜாவின் நந்தவனத்தில் மூன்றடி குறையும். குப்பாயியின் மணல்திட்டு மூன்றடி வளரும். அந்த வண்டலில் அவள் வெள்ளரி போடுவாள். விதைத்துவிட்டுக் கை கழுவுவதற்குள் கொடி கிளம்பிவிடும்.

ராஜா மாடத்தில் நின்று அதைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரியும்.

"அடேய், என் மண்ணை என் கண்ணெதிரே திருடி எவளோ ஒரு பரிசல்காரிக்குக் கொடுக்குதே இந்த ஆறு! கூப்பிடுங்கடா அதை விசாரணைக்கு!"

தளபதி கரையில் போய் நின்று, மூன்று முறை முரசு அடித்து, ஆற்றுக்கு ஓலை வாசித்தார். ஆடி மாதம் ஆறு மரியாதையாக வந்தது. தர்பாருக்கு மட்டுமல்ல, மடப்பள்ளிக்கும் வந்தது, மகாராணியின் கட்டிலுக்கு அடியிலும் வந்தது. போகும்போது இன்னொரு மூன்றடியை எடுத்துக்கொண்டு போனது.

ராஜா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் நூலாண்டி வந்து சேர்ந்தான். முன்பு கொத்தனாராக இருந்தவன். கட்டிய சுவரெல்லாம் கோணிக்கொண்டே போனதில் ஆத்திரப்பட்டு, மலைக்குப் போய் மந்திரம் கற்றுக்கொண்டு வந்தவன். அவன் கையில் ஒரு வெள்ளை நூல்கண்டு. சுவருக்கு நூல் பிடிப்பார்களே, அந்த மாதிரி நூல்தான், ஆனால் முடிவே இல்லாத நூல்.

"மகாராஜா, உங்க ஆத்தை நான் நிமித்தித் தாரேன்" என்றான் அவன். "ஆறு விட்டுட்டுப் போற பழைய தடம் மட்டும் எனக்கு. சம்மதமா?"

"தடம் என்ன தடம், அதுல இருக்கற தவளையையும் சேத்து எடுத்துக்கோ!" என்றார் ராஜா.

நூலாண்டி மலையில் ஒரு முளை அடித்தான். கடலில் ஒரு முளை அடித்தான். இரண்டுக்கும் நடுவில் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினான். கட்டிவிட்டு ஒரு சத்தம் போட்டான்:

"வளையாதே! நெளியாதே! நேரே போ!"

வாத்தியார் அதட்டியதும் நிமிர்ந்து உட்காருகிற பிள்ளை மாதிரி கோணையாறு சடாரென்று நிமிர்ந்துவிட்டது. மூன்று வளைவும் வறண்டு கிடந்தன. குப்பாயி காலையில் எழுந்து பார்த்தால், முன்வாசலில் ஓடிய ஆறு கொல்லைப்புறத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் வாலில் தீப்பிடித்த வேகத்தில்.

நாட்டில் மூன்று நாள் திருவிழா. ராஜா மாடத்திலிருந்து ஆற்றைப் பார்த்து, "ஆகா, என்ன நேர், என்ன நேர்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலாம் நாள்தான் விசயம் புரிய ஆரம்பித்தது.

முன்பெல்லாம் அந்த ஆறு பத்து நாள் தங்கி, கிணறுகளுக்குள் கசிந்து, வாய்க்கால்களுக்குள் எட்டிப் பார்த்து, எருமைகளைக் குளிப்பாட்டி, எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பும். இப்போது ஒரே நாளில் நாட்டைத் தாண்டிப் போனது. கிணறுகள் இறங்கின. குயவர்களுக்குக் களிமண் இல்லை. மடு இல்லாததால் மீன்களுக்கு நின்று முட்டையிட இடமில்லை. அவையெல்லாம் கடலுக்கு அடித்துக்கொண்டு போயின. மீனைத் தேடிக் கொக்கு போனது, கொக்கு போனதும் வயலில் புழு பெருகியது. துறையில் துவைக்கப் போட்ட ராஜாவின் பட்டு வேட்டி, சாயங்காலத்துக்குள் கடலைப் பார்த்துவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மந்திரம் ஆற்றோடு நிற்காமல் தண்ணீருக்குள்ளும் இறங்கியிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எழுந்து நடந்தால் நேரே நடந்தார்கள். திரும்ப முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தளபதி கோட்டைச் சுவரில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே இரண்டு நாளாக நடந்துகொண்டிருந்தார். மந்திரி தன்னைத் தூணோடு கட்டச் சொன்னார். ராஜாவையே சிம்மாசனத்தில் வடக்கயிறு போட்டுக் கட்டித்தான் தர்பார் நடந்தது.

குப்பாயிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவள் ஆற்றில் மொண்டு குடிப்பதில்லை. மணல்திட்டில் கொட்டாங்கச்சியால் குழி பறித்து, ஊறி வருகிற ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிப்பாள். ஆறு வளைந்து ஓடிய காலத்தில் மணல் குடித்து வைத்த பழைய தண்ணீர் அது. நூலாண்டியும் தப்பித்தான், அவன் மூன்று வேளையும் இளநீர்தான் குடித்தான்.

ஆனால் குப்பாயியின் புருசன் மாரப்பன் இருக்கிறானே, அவன் சுத்தமான சோம்பேறி. குனிந்து ஊற்று பறிக்கிற வேலையெல்லாம் அவனுக்கு ஒத்துவராது. அந்த நாலாம் நாள் காலையில் குப்பாயி அவனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங் மாமா, வெள்ளரிப்பிஞ்சு பறிச்சு வெச்சிருக்கறேன். உப்பு ஒரு கல்லுகூட இல்லீங்க. ஒரு எட்டு சந்தைக்குப் போயி வாங்கிட்டு வந்துருங்க."

"இந்தா வந்துட்டேன் புள்ளே!"

போகிற வழியில் தாகம் எடுத்தது. ஆற்றில் இரண்டு கை அள்ளிக் குடித்தான். நடந்தான். சந்தை வந்தது, கால் நிற்கவில்லை.

"வா மாரப்பா!" என்றார் உப்புக்காரர்.

"வரத்தான் பாக்கறேன், முடியலையே!" என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, ஊரைத் தாண்டிப் போய்விட்டான்.

குப்பாயி அன்று முழுக்கப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். வெள்ளரிப்பிஞ்சு வாடிப்போனது. 'எங்கேயாவது மரத்தடியில் படுத்துத் தூங்குகிறான்' என்று திட்டிக்கொண்டே தேடிப் போனாள். உப்பு மூட்டையோடு தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த உப்புக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். அவளும் ஆற்றங்கரையோடு இரண்டு நாள் தேடினாள். அவன் காலடித் தடம் நேரே போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. மனசு தளர்ந்து திரும்பி வந்து ஊற்றங்கரையில் உட்கார்ந்தாள்.

அங்கே ஒரு நீர்நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வளைவு மடுவில் குடும்பம் நடத்தியது அது. மடு போனதும் குட்டிகளோடு இங்கே வந்துவிட்டது.

"ஏ பரிசல்காரி, கேக்காம உன் ஊத்துல வாய் வெச்சுட்டேன், கோவிச்சுக்காதே" என்றது நீர்நாய். "மீன் தேடி ரொம்ப தூரம் போயிட்டு வாரேன். உன் புருசனை வழியில பாத்தேன். ஆத்துத் தண்ணி குடிக்காத ஊர்க்காரங்க கூடவே ஓடிப்போயி வாயில சோத்தை ஊட்டி விடறாங்க. தின்னுட்டே நடக்கறான். ஆனா இந்த வேகத்துல போனா ஏழாம் நாள் உச்சியில கடல் வந்துரும். அப்பவும் அந்தக் கால் நிக்காது பாரு."

அவன் கிளம்பி அன்றைக்கு ஆறாம் நாள்.

மாரப்பன் சோம்பேறிதான். ஆனாலும் பதினோரு வருசமாக, மழையோ பனியோ, அவள் பரிசல் கரைக்கு வரும்போதெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு பிடித்தவன் அவன்தான். அந்த ஒரு வேலையில் மட்டும் அவன் ஒருநாளும் சோம்பல் பட்டதில்லை. அந்தக் கை இல்லாத கரையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுதாள். பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு நேரே நூலாண்டியிடம் போனாள்.

அவன் காய்ந்துபோன ஆற்றுத்தடத்தில் கல் நட்டுக்கொண்டிருந்தான். கல்லுக்குக் கல் 'நூலாண்டி நகர்' என்று எழுதியிருந்தது.

"சாமி, எம் மாமன் கடலுக்குள்ள போயிருவாருங்க. அந்த நூலைக் கொஞ்சம் அவுத்து வுடுங்க சாமி!"

"அவுக்கறதா? நூறு மனை வித்தாச்சு!" என்று சிரித்தான் நூலாண்டி. "அந்த நூல் நேரா இருக்கற வரைக்கும் ஆறும் நேராத்தான் இருக்கும். அரிவாளால அறுக்க முடியாது. பல்லால கடிக்க முடியாது. நெருப்பால எரிக்க முடியாது. வேணும்னா நீயே பண்ணிப் பாரு போ."

குப்பாயி பண்ணிப் பார்த்தாள். ஆற்றின் மேல் ஒரு சாண் உயரத்தில் நூல் விறைத்து நின்றது. அரிவாளால் ஓங்கி ஒரு போடு போட்டாள். அரிவாள் இரண்டாக உடைந்தது. நீர்நாய் நீந்திப் போய் ஒரு கடி கடித்தது. முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பந்தம் கட்டி நெருப்பு வைத்தாள். ஆறு எகிறி ஒரு தெறி தெறித்து அதை அணைத்துவிட்டது, அவள் புருவம் பொசுங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் பொழுது விடிந்தது. அதுதான் ஏழாம் நாள்.

"நூல் கெடக்குது வுடு" என்றாள் குப்பாயி. "ஆறு இந்த வேகத்துல ஓடுதில்ல? பரிசல்ல போனா உச்சிக்குள்ள எம் மாமனை எட்டிப் புடிச்சுருவேன்."

பரிசலைக் கொல்லைப்புறத்து ஆற்றில் தள்ளினாள். நீர்நாய் தாவி ஏறிக்கொண்டது. தள்ளிய வேகத்தில் பரிசல் நடு ஆற்றுக்கே, நூலுக்குப் பக்கத்திலேயே போய்விட்டது. கிளம்புவதற்கு முன்னால், அத்தனை அவசரத்திலும், குப்பாயி துடுப்பைக் குத்திப் பரிசலைத் திருப்பினாள்.

"ஒரு சுத்து ஆத்துக்கு!"

"அடிப்பாவி!" என்று அலறியது நீர்நாய். "புருசன் கடலுக்குப் போறான், நீ இங்க சுத்திக்கிட்டு இருக்கியா?"

"சுத்தாமக் கெளம்புன பரிசல் வூடு திரும்பாது. செத்த நேரம் வாயை மூடு. ஒரு சுத்து காத்துக்கு!"

பரிசல் விளிம்பில் ஒரு மூங்கில் பிளாச்சு துருத்திக்கொண்டிருந்தது. போன மாதமே அதைச் சீவிவிடச் சொல்லியிருந்தாள். மாரப்பன்தான் 'நாளைக்கு, நாளைக்கு' என்று விட்டு வைத்திருந்தான். நூல் அதில் மாட்டியது. மாட்டிய நூல் பரிசலோடு சேர்ந்து சுற்றியது.

"ஒரு சுத்து வூட்டுக்குத் திரும்பி வாரதுக்கு!"

அவ்வளவுதான். அறுக்க முடியாத நூல், கடிக்க முடியாத நூல், எரிக்க முடியாத நூல், சமர்த்தாக மூன்று சுற்று பரிசலில் சுற்றிக்கொண்டது. அந்த இடத்தில் ஆறு லேசாக ஒரு நெளி நெளிந்தது.

"ஏ குப்பாயி!" என்றது நீர்நாய், ஆடுகிற பல்லைப் பிடித்துக்கொண்டு. "ஆறு நெளிஞ்சுதே, பாத்தியா?"

குப்பாயி பார்த்தாள். சுவருக்குப் பிடித்த நூல் நேராக இருக்கும். அதையே சுற்றி வைத்தால் நேர் எங்கே இருக்கிறது? அவள் புடவையை இழுத்துச் செருகினாள். துடுப்பை ஓங்கிக் குத்தினாள்.

"சுத்து பரிசலே, சுத்து!"

ஒரு சுத்து ஆத்துக்கு, ஒரு சுத்து காத்துக்கு. மலைப்பக்கத்து நூல் வந்தது, கடல்பக்கத்து நூல் வந்தது. பரிசல் பம்பரமாகச் சுற்றியது. ஆறு வளைந்தது, இன்னும் வளைந்தது, பழைய தடத்தை மோந்து பார்த்துக்கொண்டே போய்த் தன் வீட்டுக்குள் நுழைந்தது. நூலாண்டி நகர் நூறு மனையும் கல்லோடு போயின.

மலை முளை பிடுங்கிக்கொண்டதைப் பார்த்த நூலாண்டி ஓடி வந்து நூலை இரண்டு கையாலும் பிடித்தான்.

"வளையாதே! நெளியாதே! நேரே..."

"போ" என்று சொல்வதற்குள் நூல் அவனை இழுத்துக்கொண்டு வந்து பரிசலுக்குள் போட்டது. வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சுற்றியறியாதவன். மூன்றே சுற்று, குடித்த இளநீரெல்லாம் வெளியே வந்தது. அவன் உளறியதில் எது மந்திரம், எது ஏப்பம் என்று அவனுக்கே தெரியவில்லை.

சூரியன் உச்சிக்கு வந்தது. கடல்பக்கத்து நூல் திடீரென்று தொய்ந்தது. குப்பாயியின் கை நின்றுபோனது. மாமன் கடலுக்குள் இறங்கியிருப்பானே! முழங்கால், இடுப்பு, கழுத்து என்று அவள் மனசு தண்ணீரை அளந்துகொண்டே போனது. "மாமா, கொஞ்சம் இருங்க, இந்தா வந்துட்டேன்" என்று அழுதுகொண்டே மறுபடியும் சுற்றினாள். நூல் கனத்தது, இன்னும் கனத்தது. தூரத்தில் நுரை கிளப்பிக்கொண்டு கடல் முளை வந்தது. முளையைக் கட்டிக்கொண்டு இரண்டு கை வந்தன. அந்தக் கைகளை அவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். பதினோரு வருசம் கயிறு பிடித்த கைகள்.

கடலில் கழுத்தளவு தண்ணீரில் மாரப்பனின் நெஞ்சில் முட்டியது அந்த முளைதான். பிடிக்க ஒன்று கிடைத்ததே என்று கட்டிக்கொண்டவன், நாடு முழுக்கப் பின்பக்கமாகவே இழுபட்டு வந்து சேர்ந்தான். கரை தட்டியதும் எழுந்தான், ஒரு எட்டு வைத்தான். கால் நின்றது. திரும்பினான், உடம்பும் திரும்பியது. பழக்கதோஷத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பரிசல் கயிற்றைப் பிடித்தான்.

"எறங்கு புள்ளே" என்றான்.

குப்பாயி அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள், பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதற்குள் அரண்மனையில் கயிறுகளை அவிழ்த்தாயிற்று. வளைவு திரும்பி வந்ததும் அரண்மனைக் கிணற்றில் தண்ணீர் ஏறியது, நந்தவனத்தில் மூன்றடி விழுந்தது. ராஜாவும் மந்திரியும் அரண்மனைப் படகில் அக்கரைக்கு வந்தார்கள்.

"கால் நிக்குது, சந்தோசம்" என்றார் ராஜா. "ஆனா குப்பாயி, என் மூணடி?"

குப்பாயி கொடியில் ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கிள்ளி நீட்டினாள்.

"உங்க மண்ணு எங்கீங்க போச்சு ராசாவே? இந்தா, காயாக் காச்சுக் கெடக்குது. ஆறு யாரு மண்ணையும் திருடறதில்லீங்க. இங்க எடுத்து அங்க வெக்குது. இந்தத் திட்டும் ஒரு நாள் எனக்கில்லாமப் போகும். அப்ப நான் எடம் மாத்திக் குடிசை போட்டுக்குவேன். நீங்க கல்லுல கட்டிட்டு அது பக்கத்துலயே போயி உக்காந்தா, அது என்னங்க பண்ணும்?"

ராஜா ஒரு கடி கடித்தார். பிஞ்சு நறுக்கென்றது. ஏழு நாளாகச் சிம்மாசனத்தில் கட்டுண்டு கிடந்த மனுசனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நல்லா இருக்கு" என்றார். "உப்பு இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

குப்பாயி மாரப்பனைப் பார்த்தாள். "ஏனுங் மாமா, உப்பு வாங்கப் போனீங்களே, எங்கீங்க?"

மாரப்பன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தான். கடல் தண்ணீர் உலர்ந்து, தோளிலும் முதுகிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவன் அசையவில்லை; தோளை மட்டும் கொஞ்சம் இறக்கிக் காட்டினான்.

"இந்தா இருக்குதே. வேண்டிய மட்டும் எடுத்துக்குங்க."

மகுடவர்ம மகாராஜா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு வெள்ளரிப்பிஞ்சை அந்தத் தோளில் ஒரு தேய் தேய்த்துக் கடித்தார். இன்னொரு தேய் தேய்த்தார். மந்திரியும் ஒரு பிஞ்சு பறித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

அந்த மாதமே ராஜா அரண்மனையைப் பிரித்து, ஆற்றுக்கு எட்டாத மேட்டில் கட்டினார். நந்தவனத்து மண்ணில் விளைந்த வெள்ளரியில் வருசம் ஒரு கூடை அரண்மனைக்குப் போனது. குயவர்களுக்குக் களிமண் வந்தது, மீன்காரர்களுக்கு மீன் வந்தது, நீர்நாய்க்கு மடு வந்தது. ஆடிய பல் மட்டும் விழுந்துவிட்டது. நூலாண்டிக்கு அதற்கப்புறம் ஒருநாளும் நேராக நடக்க வரவில்லை. ஆனால் அவனைப் போல முறுக்கு சுற்ற யாராலும் முடியாது என்று மடப்பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள்.

வெள்ளரி தின்ற அன்று சாயங்காலம் ராஜா திரும்பிப் போகும்போது, அரண்மனைப் படகை அனுப்பிவிட்டு, பரிசலில் ஏறி உட்கார்ந்தார். மந்திரி முன்னெச்சரிக்கையாக மடியில் ஒரு அண்டாவை வைத்துக்கொண்டார். குப்பாயி துடுப்பைக் குத்தினாள். ஒரு சுத்து ஆத்துக்கு. ராஜா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சுத்து காத்துக்கு. கூட ஏறியிருந்த மாரப்பனின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது சுற்றுக்குக் குப்பாயி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சத்தமாகச் சொன்னார்:

"ஒரு சுத்து, வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு!"

கோணையாறு இன்னும் கோணலாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையும் அதில் மிதந்துதான் என் கரைக்கு வந்தது. நான் ஒரு தள்ளு தள்ளிவிட்டேன், இனி அது உங்கள் கரைக்கு.